ரவி ரதியான வருஷம்

கூத்து வேஷத்துக்கு முத்துவெள்ளைப் பவுடரைத் தேங்காய் எண்ணெயில் குழைக்கும்போது சுண்ணாம்பும் தலையெண்ணெயும் கலந்த ஒரு மணம் வரும். அந்த மணம் மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. எனக்குப் பத்து வயதாயிருந்தபோது அந்தப் பூச்சை என் முகத்தில் பூசவில்லை, லயத்து வரிசைவீட்டில் எங்களுக்கு அடுத்த காம்பரா அறையிலிருந்த ரவியின் முகத்தில் பூசினார்கள்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. கொழும்பில் குண்டு வெடித்து, இரண்டு நாட்டு கிரிக்கெட் அணிகள் இங்கே விளையாட வரமாட்டோம் என்று சொல்லி, நாடே உலகக் கிண்ணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மாசி மாதத்தில், ராகலைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்துக்கு ஒத்திகை நடந்தது. சிவன் நெற்றிக்கண்ணால் எரித்த காமனும், அவனுக்காக அழுது புலம்பும் மனைவி ரதியும்தான் கதை. அந்த ரதியை ஆண்பிள்ளைதான் ஆட வேண்டும். "பொம்பளைப் புள்ளைக்குக் 'காமன் பொட்டல்'ல என்ன வேலை?" என்று கூத்தாடும் திடலைக் காட்டிக் கூத்து மாஸ்டர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

ரவிக்கோ பாட்டு மண்டையில் நிற்காது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் 'புள்ளைக்காம்பரா'வில்தான் சாயங்காலம் ஒத்திகை. நான் வெளியே ஜன்னலடியில் நின்றே ரதியின் ஒப்பாரி முழுவதையும் படித்துவிட்டேன். அவன் மறந்துபோய் விழிக்கும்போது அடுத்த வரியை நான் எடுத்துக் கொடுப்பேன். மாஸ்டர் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் காதில் விழாதவர்போல உடுக்கைத் தட்டச் சொல்வார்.

போதாக்குறைக்கு அம்மாவின் கூறைச்சேலையும் அவனுக்குப் போனது. நான் தொட்டால் கையில் அடி விழும் சேலை அது. "சாமி காரியத்துக்குக் கேட்டா இல்லேன்னு சொல்லக் கூடாதுடி" என்று அம்மாவே டிரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டு அவன் லயத்து வழியே நடந்துபோனால், கொழுந்துக்கூடையோடு வரும் பெண்கள்கூட ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். மூக்கொழுகிக்கொண்டு திரிந்தவனுக்கு வந்த வாழ்வைப் பார்த்து நான் சோறு இறங்காமல் கிடந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் டில்லியில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஆட்டம். எங்கள் லயங்களுக்கு அப்போது கரண்ட் இல்லை. டெலிவிஷன் பார்க்க ராகலை டவுனுக்குத்தான் போக வேண்டும். ரவியால் போக முடியவில்லை. வேஷம் கட்டுகிறவர்கள் கையில் காப்புக் கட்டிவிட்டால், கூத்து முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எங்களோடு எல்லைப் பாலம்வரை வந்தவன் அங்கேயே நின்று அழுதான். எனக்கு அது தேனாக இருந்தது.

டவுன் கடையில் யாருக்குக் கைதட்டுவது என்று எங்கள் ஆட்களுக்குக் குழப்பம். சண்டை வந்தால், பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த எங்களைத்தானே 'இந்தியாக்காரன்' என்பார்கள். "என்ன நடந்தாலும் வாய மூடிக்கிட்டுப் பாரு" என்று அப்பா என் காதில் சொன்னார். நம் இலங்கை ஆட்கள் பந்தை அடித்து விரட்டத் தொடங்கியதும் அவரே எழுந்து நின்று கைதட்டினார். சிங்களக் கடைக்கார மாத்தயா எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது ரவி அதே பாலத்தில் உட்கார்ந்திருந்தான். "மொத பந்துல இருந்து சொல்லுடி" என்றான். நான் ஆட்டத்தை ஆடியே காட்டினேன். ஒருவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை.

"நீ குடுத்து வச்சவ. எனக்கு இந்தக் காப்பு" என்றான்.

"மாத்திக்குவமா?" என்று கேட்டேன்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவனும் ஒரு நிமிஷம் கையை நீட்டினான். நான் மஞ்சள் கயிற்றின் முடிச்சில் விரலை வைத்ததும், "வேணாம், சாமிக் குத்தமாயிரும்" என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

கூத்தன்று அவன் அழுத அழுகையில் தோட்டமே அழுதது. கூட்டத்தில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நானும் கூடவே பாடினேன். அம்மா தொடையில் கிள்ளினாள். பிறகு நாடு கிண்ணத்தை வென்றது, ராகலையில் பட்டாசு வெடித்தது. அதே வருஷம் மழை பொய்த்து டவுனில் கரண்டை வெட்டினார்கள். அவர்களும் எங்களைப்போல மண்ணெண்ணெய்க் 'குப்பி லாம்பு' வெளிச்சத்தில் உட்கார்ந்தது எனக்குப் பரம திருப்தி.

இப்போது ஹட்டனில் டீச்சராக இருக்கிறேன். போன மாசியில் தோட்டத்துக்குப் போனேன். லயத்தில் பாதிக் காம்பராக்கள் பூட்டிக் கிடக்கின்றன. ரவி கொழும்புக்கு வேலைக்குப் போனவன்தான், திரும்பவில்லை. பொட்டலில் ரதியாக வேஷம் கட்டிக்கொண்டிருந்தது ஒரு பள்ளிக்கூடப் பெண்பிள்ளை. இந்தக் காலத்து மாஸ்டரிடம், "பரவாயில்லையே, பொம்பளைப் புள்ளைக்குக் குடுத்திருக்கீங்களே" என்றேன்.

"என்ன செய்யிறது டீச்சர், பயலுக எல்லாம் கடை வேலைக்குப் போயிட்டானுங்க. ஆளு இல்ல" என்றார்.

அந்தப் பிள்ளை என்னைக் கூப்பிட்டு, "இந்தக் கொசுவத்தைக் கொஞ்சம் புடிங்க டீச்சர்" என்றது. மண்டியிட்டு மடிப்பு மடிப்பாகச் சரிசெய்து கொடுத்தேன். ஆள் இல்லாத குறைக்குக் கிடைத்த வேஷம் என்று தெரிந்தும் அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எங்கள் காலத்தில் லயம் நிறையப் பையன்கள் இருந்தார்கள்.