கிட்வாய் நகரில் ஹேமா: ஒரு டிஜேயின் மூன்று நாள் தில்லிப் பயணம்

தில்லியைச் சுற்றிப்பார்க்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு இந்தப் பதிவு அவ்வளவாக உதவாது. குதுப்மினார் என்ற மெட்ரோ நிலையத்தை இரண்டு முறை கடந்தேன், அவ்வளவுதான். ஆனால் தனியாகப் போகும் பெண்களுக்கும், என்னைப் போலப் பென் டிரைவும் ஹெட்போனுமாக ஊர் ஊராகப் போய் டிஜே வேலை பார்ப்பவர்களுக்கும் இதில் சில தகவல்கள் இருக்கும்.

போனது பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை. திரும்பியது திங்கள். சத்தர்பூர் பக்கம் ஒரு பண்ணை வீட்டுப் புல்வெளியில் ஞாயிறு பகல் மூன்று மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பதுக்குள் முடியும் எலக்ட்ரானிக் இசை நிகழ்ச்சி. அழைப்பு எனக்கும் ஹேமாவுக்கும் சேர்த்து வந்தது.

ஹேமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் நித்யா, கோயமுத்தூர். ஐந்து வருடங்களுக்கு முன் இசை மென்பொருள் பற்றிய ஒரு இணையக் குழுவில் அறிமுகமானோம். நான் டிரம்ஸும் பேஸும் போட்டு ஃபைலை அனுப்புவேன். அவள் அதன்மேல் கீபோர்டு, குரல் துணுக்குகள் எல்லாம் சேர்த்துத் திருப்பி அனுப்புவாள். அப்படி ஏழு பாட்டு வெளியிட்டோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மேடைப் பெயர். ஆனால் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

போன வருடம் நடுவில் அவள் அனுப்பிய ஃபைல்கள் கெட ஆரம்பித்தன. வலது பக்கம் மட்டும் சத்தம் ஏறி நின்றது. டிரம்ஸின் சிம்பல் தட்டுச் சத்தம் தகரத்தை ஆணியால் கீறுவது போல இருந்தது. இரண்டு முறை நானே சரிசெய்தேன். மூன்றாவது முறை எரிச்சலில், “காதுல என்ன பஞ்சா வெச்சிருக்க?” என்று எழுதினேன். சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் எதுவும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. கோபித்துக்கொண்டவள் அவள், அவளே வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு மட்டும் அவள் ஒரு வரி எழுதியிருந்தாள்: நான் வரவில்லை, நித்யா வருவாள். அதைப் படித்ததும் ஒரு நாள் முன்னதாகவே போய் அவளைப் பார்த்துவிடுவது என்று முடிவுசெய்தேன். வருகிறேன் என்று செய்தி அனுப்பினேன். “ஓகே” என்று வந்தது, கூடவே வீட்டு முகவரி.

கோவையிலிருந்து காலை 6.10 விமானம், தில்லியில் 9.20க்கு இறங்கியது. போகவர 11,460 ரூபாய், ஒரு மாதம் முன்பே எடுத்தது. விமான நிலையத்திலிருந்து டாக்ஸி தேவையே இல்லை. ஏர்போர்ட் மெட்ரோவில் தௌலா குவான் வரை போய், அங்கிருந்து நீளமான நடைபாலம் வழியாகப் பிங்க் லைன் நிலையத்துக்கு நடக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும், ஆனால் நகரும் பாதை இருக்கிறது, பெட்டியை இழுத்துக்கொண்டு நிற்கலாம். அங்கே ஏறினால் மோதி பாக், பிகாஜி காமா பிளேஸ், சரோஜினி நகர், அடுத்து ஐ.என்.ஏ. இரண்டு ரயிலுக்கும் சேர்த்து நூறு ரூபாய் ஆகவில்லை.

அந்த நடைபாலத்தில் எதிரே வந்தவர்கள் எல்லாம் யாருடனோ போனில் இந்தியில் பேசிக்கொண்டே போனார்கள். எனக்குக் கூப்பிட யாரும் இல்லை. இறங்கிவிட்டேன் என்று சொல்லக்கூட யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இந்தத் தொழிலில் இது சகஜம். ஆயிரம் பேர் நம்மைப் பார்த்துக் கை தூக்குவார்கள், அறைக்கு வந்தால் பல் தேய்க்கும் சத்தம் மட்டும்தான்.

அர்ஜுன் நகரில் ஒரு விருந்தினர் விடுதியில் தங்கினேன். ஒரு நாளைக்கு 1,850 ரூபாய், வெந்நீர் உண்டு, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். குளித்துவிட்டு ஆட்டோவில் கிட்வாய் நகர் போனேன், 80 ரூபாய். பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்துவிட்டு உயரமான கோபுரங்களாகக் கட்டியிருக்கிறார்கள். எல்லாக் கோபுரமும் ஒன்று போலவே இருக்கும், எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் பெயர், போன் நம்பர் எல்லாம் கேட்டார்கள்.

கதவைத் திறந்தது ஹேமாவின் அம்மா. “வாம்மா, நித்யாதான? போட்டோல பாத்ததவிட மெலிஞ்சிருக்கியே” என்று நெடுநாள் பழகியவர் போலக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். ஹேமா சோபாவில் இருந்தாள். எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். நான் நினைத்ததைவிட உயரம்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். விமானம், விடுதி என்று ஏதேதோ பேசினேன். அவள் நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தாள், திரும்பவே இல்லை. இவ்வளவு கோபமா என்று எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. பேச்சை நிறுத்தினேன். காபி கொண்டுவந்த அம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அவளுக்கு அந்தப் பக்கம் கேக்காதும்மா. இந்தப் பக்கம் வந்து உக்காரு. உங்கிட்ட சொல்லிருப்பாள்லா?”

நான் எழுந்து அவளுடைய இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். சொல்லியிருந்தாள் என்று அம்மாவிடம் தலையாட்டினேன். ஹேமா என்னைப் பார்த்தாள்.

சாப்பிட்டதும் சரோஜினி நகர் மார்க்கெட் வரை நடக்கலாம் என்றாள். சனிக்கிழமைக் கூட்டம், துணிக்கடைக்காரர்கள் விலையைக் கூவிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னை எப்போதும் இடது பக்கத்தில் வைத்துக்கொண்டே நடந்தாள். கூட்டத்தில் நான் வலப்பக்கம் ஒதுங்கினால் சுற்றி வந்து இடம் மாறினாள். பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தபோது எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான்தான் பிடித்து இழுத்தேன்.

ஒரு ஜூஸ் கடை ஓரமாக நின்றபோது சொன்னாள். ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலது காதில் தலையணையை அழுத்தி வைத்தது போல இருந்ததாம். சளி என்று நினைத்து மூன்று வாரம் விட்டுவிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு முதல் சில நாட்களிலேயே வந்திருக்க வேண்டும் என்றாராம். ஊசி, மாத்திரை எல்லாம் கொடுத்தும் திரும்ப வரவில்லை. ஹெட்போனில் வலது பக்கம் கேட்காததால் அந்தப் பக்கத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். மேல் ஸ்தாயி கேட்காததால் சிம்பலையும். என் ஃபைல்களில் நான் திட்டியது எல்லாம் அதுதான். இப்போது பிகாஜி காமா பிளேஸில் ஒரு அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ கேட்ட கேள்விக்கு ஹான், ஆமான்னுதான் பதில் எழுதணும். காதுல பஞ்சுதான். அத எப்டி எழுத?”

ஜூஸுக்குப் பணம் கொடுத்தேன். நாளைக்குச் சவுண்ட் செக் மதியம் ஒரு மணிக்கு, அப்போது ஆள் இருக்காது, சும்மா வந்து பார் என்று மட்டும் கூப்பிட்டேன். பார்க்கலாம் என்றாள். அன்று மாலை விடுதி அறையில் ஆறு மணிக்கே போர்த்திப் படுத்துக்கொண்டேன். அந்த மூன்று ஃபைல்களையும் லேப்டாப்பில் திறந்து, ஹெட்போனின் வலது பக்கத்தைக் காதிலிருந்து தள்ளிவைத்துவிட்டுக் கேட்டேன். மூன்றாவது பாட்டை முடிக்க முடியவில்லை.

ஞாயிறு ஐ.என்.ஏ.வில் மஞ்சள் லைன் ஏறினால் சத்தர்பூர் இருபது நிமிடம்தான். நிலையத்திலிருந்து பண்ணை வீட்டுக்கு நாலு கிலோமீட்டர், ஆட்டோ 110 கேட்டார், இந்தியில் பேரம் பேச வராததால் கொடுத்தேன். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் போய்ச்சேர்ந்தேன். ஹேமா எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தாள்.

நல்ல வெயில், ஆனால் குளிர்காற்று. புல்வெளியில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். சவுண்ட் பார்த்தவர் வினோத் என்று ஒருவர். ஹேமா அவரிடம் இந்தியில் கேட்டாள்: “அண்ணா, ஸ்பீக்கர் ஸ்டீரியோவா ஓடுதா, மோனோவா?” திறந்தவெளியில் யார் ஸ்டீரியோ போடுவார்கள், எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம்தான், மோனோ என்றார் அவர். ஹேமா சிரித்தாள். அந்த இரண்டு நாளில் முதல் முறை. இடது, வலது என்று பிரிக்காத சத்தத்துக்கு ஒரு காது போதும்.

டிஜேக்கள் அடுத்து வரும் பாட்டை ஹெட்போனில் ஒரு காதிலும், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை இன்னொரு காதிலும் கேட்டுத்தான் தாளத்தைச் சேர்ப்பார்கள். அவளிடம் இருப்பது ஒரு காது. மிக்சர் கருவியில் இரண்டையும் ஹெட்போனுக்குள்ளேயே கலந்து கேட்க ஒரு திருகு இருக்கிறது. அதை நடுவில் வைத்துக்கொண்டு, ஹெட்போனை இடது காதில் மட்டும் அழுத்திக்கொண்டு தொடங்கினாள். முதல் சேர்க்கை பிசகியது. இரண்டாவது சரியாக அமைந்தது. அதற்குப் பிறகு நாற்பது நிமிடம், நாற்காலி போடுகிறவர்களுக்கும் வினோத்துக்கும் எனக்கும் மட்டுமாக வாசித்தாள். சிம்பல் வரும்போது என்னைப் பார்ப்பாள். அதிகமானால் நான் உள்ளங்கையைக் கீழே இறக்கிக் காட்டுவேன், குறைத்துக்கொள்வாள். எங்கள் ஏழாவது பாட்டுக்கு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து வருடத்தில் நாங்கள் சேர்ந்து வாசித்தது அந்த நாற்பது நிமிடம்தான்.

இரண்டரைக்கு வாசலில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டாள். இரு, போஸ்டரில் இருப்பது நம் இரண்டு பேருடைய பெயர்தான் என்றேன்.

“கூட்டம் வந்தா எந்தப் பக்கம் யாரு பேசுறாங்கன்னே தெரியாது நித்யா. பயமா இருக்கு. எனக்கு இது போதும்.”

வாசல் வரை கூடவே போனேன். ஆட்டோ வந்து நின்றது. அவள் ஏறப்போகும்போது, அப்படி எழுதியிருக்கக் கூடாது, மன்னித்துவிடு என்றேன். பதில் இல்லாமல் ஏறிப் போய்விட்டாள். என் முறை ஐந்து மணிக்கு. முந்நூறு பேர் இருப்பார்கள், நன்றாக ஆடினார்கள். பாதியில்தான், ஆட்டோ பக்கத்தில் மன்னிப்புக் கேட்டபோது நான் நின்றது அவளுடைய வலது பக்கம் என்பது நினைவுக்கு வந்தது. அதற்குமேல் என்ன வாசித்தேன் என்று எனக்குத் தெரியாது. கை பழக்கத்தில் போட்டது.

திங்கள் எனக்கு மதியம் 1.20க்கு விமானம். காலை எட்டு மணிக்குக் கிட்வாய் நகர் வாசலில் போய் நின்றேன். எட்டே முக்காலுக்கு டிபன் பையோடு ஹேமா வந்தாள். நான் இடது பக்கமாகப் போய் நின்று, முந்தின நாள் சொன்னதை மறுபடி சொன்னேன்.

“நேத்தே சொன்னியே” என்றாள்.

“கேட்டுச்சா?”

“கேக்கல. உன் மூஞ்சியப் பாத்தேன்.” டிபன் பையைக் கை மாற்றிக்கொண்டு, “ஆனா கோவம் இன்னும் போகல. போக நாளாகும். அச்சா?” என்றாள்.

சரி என்றேன். அவளுக்கு நேரமாகிவிட்டது. பிகாஜி காமா பக்கம் போகும் ஆட்டோவில் ஏறினாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பிப்ரவரிப் பகல் வெயிலை நம்பி ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள், நாலு மணிக்குமேல் பல் கிட்டும். ஒரே பாட்டுகளை இரண்டு பென் டிரைவில் எடுத்துப்போங்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் காதடைப்பான் இல்லாமல் நிற்காதீர்கள். ஒரு நாள் காலையில் ஒரு காது திடீரென அடைத்தது போல இருந்தால், சளியாக இருக்கும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே காது மருத்துவரைப் பாருங்கள். இந்தப் பதிவில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. ஹேமாவிடமிருந்து செய்தி இல்லை. நான் ஞாயிறுதோறும் எழுதுகிறேன். இந்த வாரம் கோவையில் மழை பெய்தது, அதைப் பற்றி நாலு வரி எழுதினேன். படித்துவிட்டாள் என்று காட்டுகிறது.