இந்துமதியும் வாலறுந்த பனிச்சிறுத்தையும்

விலங்கியல் பட்டம் வாங்கிய இந்துமதி எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மிருகத்தைப் படித்து என்னத்தைக் கண்டாய் என்று வெள்ளகோவிலில் அவள் வீட்டார் இன்னும் கேட்கிறார்கள். அவள் படிப்பை யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

போன மாதம் குழந்தைகள் பனியனுக்கு ஓர் ஆர்டர் வந்தது. இமயமலைப் பனிச்சிறுத்தையைக் காக்கும் வெளிநாட்டு அமைப்பு கேட்டிருந்தது. விற்று வரும் பணத்தில், ஆடு மேய்ப்பவர்களுக்குச் சிறுத்தை நுழைய முடியாத பட்டி கட்டித் தருவார்களாம். ஆடு பறிபோகாவிட்டால் அவர்களும் அதைக் கொல்லமாட்டார்கள். பனிச்சிறுத்தைப் படம் அச்சடித்து வரும் முன்பக்கத் துண்டுகளைப் பார்த்துத் தையலுக்கு அனுப்புவது எங்கள் வேலை.

சின்ன அளவுக்கு அச்சு ஃபிரேமில் இடம் பத்தவில்லை என்று பிரிண்டிங்காரர்கள் வாலைப் பாதியில் வெட்டிவிட்டார்கள். நான் நாற்பது துண்டைப் பாஸ் செய்த பிறகுதான் இந்துமதி பார்த்தாள். பழுதைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்து, வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றாக ஒட்டினாள். நான் பாஸ் செய்ததையும் விடவில்லை.

மேனேஜர் மகுடேஸ்வரன் வந்தார். ஒரு புலி வாலுக்காக ஆர்டரை நிறுத்துவதா, ஸ்டிக்கரை எடு, இல்லாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்றார்.

"எடுக்கமாட்டேனுங்க. அது செங்குத்துப் பாறையில தாவற உசுரு. அத்தாச்சோடு நீளத்துக்கு வாலு இருக்கறதாலதான் தடுமாறாம நிக்குது. தூங்கறப்ப மூஞ்சிக்குப் போர்த்திக்கறதும் அந்த வாலத்தான்."

"போடற புள்ளைங்களுக்கு இதெல்லாம் தெரியவா போகுது?"

"தெரியாதவீங்களுக்குத்தானுங்க சரியாக் காட்டோணும்."

அவர் என் பக்கம் திரும்பி, நீ பாஸ் செய் என்றார். என் வேலையும் போய்விடுமோ என்று பயந்தேன். ஆனால் நாற்பது துண்டைக் கவனிக்காமல் அனுப்பப் பார்த்த வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இந்துமதியின் ஸ்டிக்கர் தாளில் பாதியைக் கிழித்து வாங்கி, அடுத்த துண்டில் ஒட்டினேன்.

எங்கள் முத்திரை இல்லாமல் தையலில் எவரும் துண்டைத் தொடமாட்டார்கள். மகுடேஸ்வரன் முறைத்துவிட்டுப் பிரிண்டிங்குக்குப் போன் போட்டார். வாலை மேலே வளைத்து அடித்தால் இடம் பத்தும் என்று இந்துமதி பக்கத்திலிருந்து சொன்னதை அப்படியே அவர்களிடம் சொன்னார். போனை வைத்துவிட்டு, "இனிப் புலி ஆர்டர் வந்தா உன்னையக் கேட்டுட்டே அடிக்கச் சொல்றேன், போதுமா?" என்றார்.

இந்துமதி அடுத்த துண்டை எடுத்தபடியே சொன்னாள்.

"புலி இல்லீங்க. பனிச்சிறுத்தை."