மூன்றேகால் அடி

கச்சிராயபாளையம் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மல்லாட்டை, அதாவது கடலை, போட்டிருந்த ஒரு கொல்லையைத் துண்டு போட்டு மனையாக விற்றார்கள். அதில் ஒன்றை நாங்கள் வாங்கினோம். எங்களுக்கு மேற்கே அடுத்த மனையை அண்ணன் வாங்கினார். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என் வீட்டுக்காரர் எலவனாசூர்கோட்டைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தபோது அவருடைய இரண்டு பெண்களும் அங்கே படித்தார்கள். அந்தப் பழக்கத்தில் வந்த உறவு. அவர் விவசாயி. பெண்களை மேலே படிக்க வைக்க வேண்டும், அதற்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு வீடு வேண்டும் என்பது அவர் எண்ணம். இரண்டு பத்திரமும் ஒரே நாளில் பதிவானது.

என் வீட்டுக்காரர் மனையின் நாலு மூலையிலும் தானே குழி தோண்டிக் கல் நட்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புப் பொடி வாங்கி வந்து, கடலைச்செடி காய்ந்து கிடந்த மண்ணில் வீட்டின் படத்தைப் போட்டார். இது கூடம், இது அடுப்பங்கரை, இது உனக்குத் தாள் திருத்துகிற அறை என்று காட்டினார். நான் கோடுகளைத் தாண்டித் தாண்டி ஒவ்வொரு அறைக்குள்ளும் போய் நின்றேன். தாள் திருத்துகிற அறை மேற்கு ஓரத்தில், அண்ணனின் மனையை ஒட்டி இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், ஆஸ்பத்திரியிலும் சேர்த்தோம். பதினெட்டு நாள்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அப்போது நான் கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பள்ளியில் டீச்சராக வேலை பார்த்தேன். காரியம் முடிந்து மறுபடி மலை ஏறினேன். அதற்குப் பிறகு கீழே இறங்குவது அரிசி பருப்பு வாங்க மட்டும்தான். மனைப் பக்கம் போகவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் வீடு கட்ட ஆரம்பித்தார். பூமி பூஜைக்கு அண்ணியே கடிதம் எழுதியிருந்தார். 'நீங்க வராம எப்படி டீச்சரு, சார் இருந்தா அவருதான் முன்ன நின்னிருப்பாரு' என்று அவர் எழுதியிருந்ததைப் பல தடவை படித்தேன். போகவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் புது வீட்டுக்கு மண்வெட்டி போடுகிற இடத்தில் நிற்கலாமா என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நானாகவே நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கமெல்லாம் இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. ஊருக்கு ஊர் கூட்டம், ஊர்வலம். பூஜை போட்ட அடுத்த வாரம் சாலை மறியல் தொடங்கியது. ரோட்டோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளிவிட்டார்கள் என்று மலைக்குச் செய்தி வந்தது. அதோடு பஸ் நின்றுபோனது. மறியல் முடிந்த பிறகும் பஸ் மேலே வர நாளாயிற்று. இருந்த சாமை அரிசியை வைத்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சினோம். கீழே என்ன நடக்கிறது என்று ரேடியோவில் சொன்னது கொஞ்சம், கடுக்காய் வாங்க நடந்தே ஏறி வந்த வியாபாரி சொன்னது கொஞ்சம். அந்த வியாபாரிதான் போகிற போக்கில், "உங்க மனைக்குப் பக்கத்துல சுவரு எழும்பிக்கினு இருக்குது டீச்சரு. நீங்க ஒரு தரம் வந்து பாத்துக்கறது நல்லது" என்றார்.

முதல் பஸ்ஸிலேயே இறங்கினேன். வழியெல்லாம் வெட்டிய மரங்களை ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். இலைகள் காய்ந்து அடிமரம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. பஸ்ஸில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

மனையில் போய் நின்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணனின் கிழக்குச் சுவர் என் நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தது. என் வீட்டுக்காரர் நட்ட மேற்கு ஓரத்துக் கற்கள் இரண்டையும் காணோம். நான் கிழக்கு ஓரத்துக் கல்லிலிருந்து காலடி வைத்து எண்ணிப் பார்த்தேன். திரும்பவும் எண்ணினேன். சுவர் எங்கள் இடத்துக்குள் நின்றது.

மேஸ்திரி சாரத்திலிருந்து இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இங்க ரெண்டு கல்லு இருந்துதே மேஸ்திரி?"

"கல்லா? நான் எதையும் பாக்கலீங்களே."

"எங்க வீட்டுக்காரரு நட்ட கல்லு. எங்க இடத்துல மூணு அடி வந்து கட்டியிருக்கீங்க."

"அளந்துதாங்க கட்டினேன். அண்ணன் வரட்டும், பேசிக்கோங்க."

"அண்ணன் எங்க?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா? மறியல்ல மொத நாளே புடிச்சிக்கினு போயிட்டாங்க. ஜெயில்ல இருக்காரு."

அங்கிருந்து நேரே, வீடு முடிகிற வரைக்கும் அண்ணி கள்ளக்குறிச்சியில் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ஜெயில் செய்தி கேட்டு ஆறுதல் சொல்ல வந்ததாக நினைத்துவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? சுவர் விஷயத்தைச் சொன்னேன். அவர் கை தானாக விலகியது.

"எனக்கு இன்னா தெரியும் டீச்சரு? மேஸ்திரிகிட்ட வுட்டுட்டேன். பொண்ணுங்கள வச்சிக்கினு நான் வெளியில போறதே இல்ல. அவரு வந்துரட்டும்."

"அவரு வர்ற வரைக்கும் வேலைய நிறுத்தச் சொல்லுங்க அண்ணி."

"சொல்றேன்."

சொன்னாரோ இல்லையோ, வேலை நிற்கவில்லை. நான் தாலுக்கா ஆபீசில் மனு எழுதிக் கொடுத்தேன். சர்வேயர் நல்ல மனிதர்தான். "இப்ப அளக்க வந்தா இடப் பிரச்சினைன்னு யாரும் பாக்க மாட்டாங்கம்மா. இவங்க ஆளு, அவங்க ஆளுன்னு ஆயிடும். கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். அவர் சொன்னது சரி என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். பஸ் ஸ்டாண்டில் என் சித்தப்பா முறையுள்ள ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு வந்து நின்றார். "அவங்களுக்கு ரொம்ப ஏத்தமாயிடுச்சி. நீ ஒரு வார்த்தை சொல்லு, நம்ம பசங்க நாலு பேர அனுப்பி சுவத்த இடிச்சிடறேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லி பஸ் ஏறினேன். அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒரே தட்டில் மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டு பேசியவர்கள். யார் என்ன ஆள் என்று அப்போது எங்கள் வீட்டில் பேச்சு வந்ததே இல்லை.

அண்ணன் வெளியே வந்த பிறகுதான் சர்வேயர் அளக்க வந்தார். அண்ணனை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. இளைத்து, தாடி வளர்ந்து, சட்டை தோளில் தொங்கியது. என்னைப் பார்த்து, "நல்லா இருக்கியாம்மா" என்று மட்டும் கேட்டார். சர்வேயர் புலப்படத்தை விரித்து வைத்துச் சங்கிலியை இழுத்தார். அண்ணனே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றேகால் அடி. சுவர் முழு நீளத்துக்கும் மூன்றேகால் அடி உள்ளே வந்திருந்தது.

அண்ணன் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா மேஸ்திரி இது?"

மேஸ்திரி சுவருக்கு அந்தப் பக்கத்து மண்ணைக் கையால் காட்டினார். பிறகு சொன்னார். அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டும்போது அண்ணனின் மனை ஓரத்தில் மண் பொதபொதவென்று உள்ளே போனதாம். பார்த்தால் அது பழைய கிணறு. எப்போதோ தூர்த்து மேலே கடலை போட்டிருக்கிறார்கள். மனை விற்றவர் யாருக்கும் சொல்லவில்லை. சுவர் வர வேண்டிய கோடு கிணற்றின் விளிம்பில் விழுந்தது. மூன்று அடி கிழக்கே தள்ளினால் கெட்டி மண்.

"நீங்க ஜெயில்ல இருக்கீங்க. அண்ணிகிட்ட போயி இன்னும் ஜாஸ்தி செலவாகும்னு எப்படிச் சொல்றது? கெணத்து மேல கட்டினா நாளைக்கு உக்காந்துரும். அதான் கல்லப் புடுங்கிட்டுத் தள்ளிக் கட்டிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க மலையில இருக்கீங்க. ஒண்டி ஆளு. நீங்க எங்க வூடு கட்டப் போறீங்கன்னு நெனச்சிட்டேங்க. தப்புதான்."

அந்த வார்த்தை என்னை என்ன செய்தது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் வேண்டுமென்று புண்படுத்தவில்லை. உண்மையைத்தான் சொன்னார். நான் வீடு கட்டப் போவதில்லை என்று எனக்கே உள்ளே தெரியும். அதை இன்னொருவர் வாயால், அந்த இடத்தில் வைத்துக் கேட்க முடியவில்லை.

அண்ணன் என் அருகே வந்தார். "தங்கச்சி, எனக்குத் தெரிஞ்சி நடக்கல. இந்த மூணு அடிய எனக்கு வுட்டுக் கொடு. என் மனையில பின்னால இதே அளவுக்கு எடுத்துக்கோ. இல்ல, வெல சொல்லு, கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடறேன்."

"இல்லண்ணா. அது அவரு கோடு போட்டுக் காட்டின அறை. அது எனக்கு வேணும்."

"கட்டப் போறியா?"

"கட்டுவேன்."

அண்ணன் கொத்தனாரின் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக்கொண்டு போய்ச் சுவரின் மூலையில் குத்தினார். வேலையாட்களை விடவில்லை. சாயங்காலம் வரை அவரே இடித்தார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடுவிலேயே கிளம்பிவிட்டேன். கற்கள் விழுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

கிணற்றைக் கருங்கல் போட்டு நிரப்பி மேலே கான்கிரீட் போட வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். மறியல் வழக்குக்கு அலைந்துகொண்டிருந்த அண்ணனால் அவ்வளவுக்கு முடியவில்லை. முடிந்த வரையில் கல்லைக் கொட்டி, மேலே சுவர் எழுப்பிக் குடி வந்துவிட்டார்கள். அழைப்பு எனக்கும் வந்தது. அந்தத் தடவையும் போகவில்லை.

குடி வந்த பிறகு இரண்டாவது ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது. பகல் பதினொரு மணிக்கு அந்தச் சுவர் உட்கார்ந்து சரிந்தது. அடுப்பங்கரைப் பக்கம். பெண்கள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அண்ணி சோறு வடித்துக்கொண்டிருந்தார். இடுப்பிலும் தொடையிலும் செங்கல் விழுந்து எலும்பு முறிந்தது.

செய்தி கேட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டார். உள்ளே அண்ணி கண்ணை மூடிப் படுத்திருந்தார். கட்டில் ஓரத்தில் நின்றேன். "அண்ணி" என்றேன்.

கண் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உக்காரு" என்றார். எப்போதும் 'நீங்க' என்று பேசுகிறவர்.

"என்னாலதான் அண்ணி."

"உன்னால இன்னா? நீ கேட்டது உன் எடத்த. அடுத்தவங்க எடத்தயா கேட்ட?" மூச்சு வாங்கியது அவருக்கு. "ஆனா நீ வூடு கட்டலையே. கட்டியிருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும். தெனமும் சன்னல தொறந்தா உன் எடம் சும்மாதான் கெடந்துது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதற்குமேல் நானும் உட்காரவில்லை.

வெளியே வந்து அண்ணனிடம், அந்த மூன்றேகால் அடியை எழுதித் தருகிறேன், அந்தப் பக்கம் தள்ளிக் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "வேணாம்மா. அளந்தாச்சி, கல்லு நட்டாச்சி. இனிமே அத மாத்த வேணாம்." ஒரு மாதம் கழித்து வீட்டை யாருக்கோ கொடுத்துவிட்டு எலவனாசூர்கோட்டைக்கே திரும்பிப் போய்விட்டார்கள். மூத்தவளின் படிப்பு பன்னிரண்டாவதோடு நின்றது என்று கேள்விப்பட்டேன்.

எனக்குத் திருக்கோவிலூருக்கு மாற்றல் வந்தது. மனையைப் பத்து வருஷம் வைத்திருந்துவிட்டு விற்றேன். வாங்கியவர் மூன்று மாடி கட்டியிருக்கிறார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் ஒரு துக்கச் செய்தி வந்தது. அண்ணன் போய்விட்டார். கருமாதிக்குப் போனேன். அண்ணி கோல் ஊன்றி நடந்தார். என்னைத் தன் பெண்களுக்கு அடையாளம் காட்டி, "கணக்கு சாரு வூட்டம்மா" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் என்ன குறைகிறது என்று பார்த்துப் பார்த்துப் போடச் சொன்னார். நான் பேச வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த எதையும் பேசவில்லை. என்னிடம் இருந்ததெல்லாம் மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகள். எதற்கு மன்னிப்பு என்று அவர் கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை. கிளம்பும்போது, "பஸ்ஸு கூட்டமா வரும், பாத்து ஏறு" என்றார். சரி அண்ணி என்றேன்.