நிரந்தர விலாசம்

விவரம் நிரப்பும் பெட்டியைக் கணினித் திரையின் இடப்பக்கம் வைத்துவிட்டுக் கதிரையைச் சர்ரென்று பின்னுக்குத் தள்ளுகிறாள் கமலாசனி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள். மறுபடி முன்னுக்கு வந்து பெட்டியை ஒரு நூல் நகர்த்துகிறாள். "பாக்கிற கண்ணுக்கு வழி தெரியோணும்" என்பது அவள் கட்சி. பெட்டி சரியான இடத்தில் இருந்துவிட்டால், பால் கறந்த பசுவைத் தட்டிக்கொடுப்பதுபோல் திரையின் பக்கவாட்டில் ஒரு தட்டு.

வவுனியாக் கடைத்தெருவில் ஒரு மாடியில் கணினி வகுப்பு நடத்துகிறாள். வகுப்பில்லாத வேளையில் கடைகளுக்கும் மில்லுகளுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுப்பாள். இப்போது கையிலிருப்பது நெளுக்குளத்து மருத்துவ நிலையமொன்றின் நோயாளர் பதிவு. எல்லாம் செய்வாள், காரணம் மட்டும் சொல்ல மாட்டாள். ஏன் இந்த நிறம் என்று கேட்டால், "சும்மா, வடிவாயிருக்கு" என்பாள்.

அந்தச் 'சும்மா'வுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் அஸ்மினின் ஆய்வு. பல்கலைக்கழக வளாகத்தில் கற்பிக்கிறவன். மென்பொருள் வடிவமைப்பவரின் மனத்தில் ஓடுவதைக் கணினியைக் கொண்டே பிடித்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தீராத ஆசை. அதற்காக அவள் கணினியில் ஒரு சின்ன யன்னலை எழுதிப் போட்டிருந்தான். எதை அழித்தாலும் அது எழும்பி "ஏன்?" என்று கேட்கும். பதில் எழுதாமல் மேலே போக விடாது. கமலாசனியா கொக்கா? "பிடிக்கேல்லை", "பசிக்குது", ஒருநாள் "நுளம்பு கடிச்சது" என்றெல்லாம் எழுதிவைத்தாள். மேற்பார்வைப் பேராசிரியரோ, உருப்படியான காரணம் ஒன்றாவது வராவிட்டால் ஆய்வைக் கைவிடவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

அன்று அஸ்மின் அவள் பக்கத்திலேயே இருந்துவிட்டான். நிரந்தர விலாசத்தை நிரப்பாவிட்டால் பதிவு நகரக் கூடாது என்று மருத்துவ நிலையத்தார் கேட்டிருந்தார்கள். அதற்கென்று எழுதிய நிரல் வரியைக் கமலாசனி அழித்தாள். யன்னல் எழும்பியது. "தேவையில்லை" என்று எழுதி மூடினாள்.

"மிஸ், அவை கேட்டு வாங்கினதை ஏன் அழிச்சனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து, தன் கதிரையில் அவனை இருக்கச் சொன்னாள். "நீங்கள்தான் மருந்தெடுக்க வந்த வருத்தக்காரர். பதியுங்கோ பாப்பம்."

பெயரையும் வயதையும் மளமளவென்று தட்டினான். அடுத்தது நிரந்தர விலாசம். விரல்கள் நின்றன. போர்க்காலத்தில் முல்லைத்தீவு வீட்டைப் பூட்டிக்கொண்டு வாப்பாவோடு வெளிக்கிட்டபோது அவன் பள்ளிக்கூடப் பிள்ளை. பிறகு புத்தளத்தில் ஓலைக் கிடுகுக் கொட்டில். இப்போது இங்கே வாடகை அறை. முல்லைத்தீவு என்று எழுதினால் பொய்போலிருந்தது. வேறெதை எழுதினாலும் அந்த வீட்டைக் கைவிட்டதுபோலிருந்தது.

கமலாசனியும் துணுக்காயிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். அவனை அவசரப்படுத்தவில்லை.

"போன மாசம் காய்ச்சலெண்டு அந்த மருத்துவ நிலையத்துக்குப் போனனான்," என்றாள். "அவையின்ர படிவத்தில நானும் இந்தக் கேள்வியிலதான் நிண்டனான்."

பிறகு அவன் தோளுக்கு மேலால் கையை நீட்டி, வெறும் பெட்டியை அப்படியே விட்டு, அடுத்த கேள்விக்குப் போகும் விசையை அவனுக்காக அழுத்தினாள்.