வடக்கு வாசல் வெளிச்சம்

பாசிக் குடுவையைக் கையில் எடுத்ததும் தெய்வாத்தாள், நேர்வெயில் விழாத வடக்கு வாசலுக்குத்தான் நடக்கிறார். கம்பி வளையத்தில் கோத்த பனியன் துணித் துண்டுகளில் பச்சையை மட்டும் பிரித்து, ஒவ்வொன்றாகக் குடுவையின் கண்ணாடியோடு ஒட்டிப் பார்க்கிறார். "அரை ஷேடு கொறையுதுங்க மேடம்."

பதினோரு வருடம் சாயப்பட்டறையில் ஷேடு, அதாவது துணியில் ஏறிய நிறத்தின் அழுத்தம், பார்த்தவர். சாய நெடி மூச்சுக்கு ஆகாமல் போகவே, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் என் தம்பியின் பனியன் கம்பெனி மொட்டைமாடிக்கு, என் பாசித் தொட்டிகளைக் கவனிக்க வந்தார். ஆண்டில் பத்து மாதம் நான் ஜெர்மனியில். வேலை நாளில் அவருக்குச் சாம்பல் நிறச் சேலைதான். "செவப்பு கட்டுனா அது கண்ணுல ஏறிக்குமுங்க."

பாசிக்குள் பச்சையத்தைத் தாங்கிய புரதங்கள் கூட்டமாக நின்று, பட்ட ஒளியைக் கைமாற்றி, ஒளிச்சேர்க்கை நடக்கும் மையத்துக்கு அனுப்புகின்றன. ஒளி குறைந்தால் பாசி அவற்றைக் கூடுதலாகக் கட்டும். மிகுந்தால் குறைத்துக்கொண்டு வெளுக்கும். என் ஆய்வே இதுதான். தெய்வாத்தாளிடம் சொன்னபோது சிரித்தார். "வெயில் கொறஞ்சா நாலு கையி எச்சா நீட்டுது, கூடுனா இழுத்துக்குது. இதுக்கா இத்தன வருசம் படிச்சீங்க?"

2006 மார்ச்சில் ஜெர்மனிக்குக் கிளம்பும் அவசரத்தில், மாடி அறைக்குள் ட்யூப் லைட்டில் குடுவையைப் பார்த்து, நிறம் சரி என்றேன். "வாசல்ல பாருங்க, டல்லடிக்குது" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

பத்து நாளில் போன். "வெளுத்திருச்சுங்க."

மடத்துக்குளத்து வாய்க்காலில் எடுத்த வகை அது. ஜெர்மனிக்குக் கொண்டுபோனது பிழைக்கவில்லை. இதுவும் செத்தால் நான்கு ஆண்டு உழைப்பு போயிற்று. பதற்றத்தில், சத்து உப்பை இரட்டிப்பாகப் போடச் சொன்னேன்.

"அது பசியில்லீங்க, வெயிலுங்க. ரிஜெக்ட் ஆன வெள்ளைத் துணிய ரெண்டு மடிப்பா மேல கட்டியிருக்கேன். உப்பு போடல. நீங்க தூங்குங்க."

"வெயிலுக்குக் கட்டும் பச்சை வலை இருந்ததே?" என்றேன்.

"கலர் துணி போட்டா வெளிச்சத்துக்கும் சாயம் ஏறிடுமுங்களே."

பச்சை ஒளியைப் பாசி அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அதை நான் அவருக்குச் சொன்னதே இல்லை.

எட்டாம் நாள் மறுபடி போன் வந்தது. "ஷேடு வந்துருச்சுங்க." அன்றுதான் நான் தூங்கினேன்.

இந்த முறை வந்திறங்கியதும் நேரே அறைக்குப் போய்க் குடுவையைத் தூக்கிப் பார்த்தேன். அடர்பச்சை. "இது உங்களால்தான் உயிரோடு இருக்கிறது, தெய்வாத்தாள்" என்றேன்.

அவர் ஸ்விட்சை எட்டி, என் தலைக்கு மேல் எரிந்த ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு வடக்கு வாசலைக் காட்டினார்.