கோப்பையில் சிரிக்கும் அம்மா

நண்பர் மகளின் கல்யாணத்துக்காகச் சங்கரன்கோவில் வந்திருக்கிறேன். பரிசு தேடி நான் ஏறும் மூன்றாவது கடை இது. அரிசிமணியில் பெயர் எழுதிய சாவிக்கொத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவி, காப்பிக் கோப்பையில் அம்மாவின் படத்தை அச்சடித்துத் தரச் சொல்லி ஆதார் அட்டையை நீட்டுகிறாள்.

"இதுல மொறச்சுல்லா பாக்காங்க! ஏட்டி, வேற போட்டோ இல்லயா?" என்கிறார் கடைக்காரப் பெண்.

"இது ஒண்ணுதான்க்கா இருக்கு."

"அம்மா எங்கன இருக்காங்க?"

"பூ மார்க்கெட்ல."

"கூட்டிட்டு வா, நான் எடுத்துத் தாரேன்."

பூ கட்டும் நார் விரலில் சுற்றியிருக்க, அம்மா வந்து நிற்கிறார். கடைக்காரப் பெண் செல்போனை உயர்த்தியதும் அம்மா விறைத்துப்போகிறார்.

"கொஞ்சம் சிரிங்கம்மா" என்கிறேன் நான்.

"சிரிப்பு வரணும்லா!"

மகள் ஒரு பெரிய கரடிப் பொம்மையைத் தூக்கி அவர் இடுப்பில் வைத்துவிடுகிறாள். "ஏட்டி, கோட்டி புடிச்சிட்டா ஒனக்கு!" என்று அம்மா வாய்விட்டுச் சிரிக்க, படம் கிடைத்துவிடுகிறது.

அச்சான கோப்பை இன்னும் சூடாக இருக்கிறது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கடைக்காரப் பெண் அதைப் பொதிந்து தர வண்ணத்தாளை எடுக்கிறார்.

"மூடிட்டா எப்படிம்மா? மார்க்கெட்ல எல்லாருக்கும் காட்டணும்லா?" என்று அம்மா கோப்பையை வாங்கிக்கொள்கிறார்.

படம் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு அவர் தெருவில் இறங்கி நடக்கிறார்.