மேரி அக்கா எண்ணிய எலிகள்

போன செவ்வாய்க்கிழமை காலை, மான்களுக்குத் தழை வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது லூர்துமேரியின் மகன் அலைபேசியில் அழைத்தார். "சார், அம்மா போயிட்டாங்க. விடியக்காலம். பெருசா கஷ்டப்படல" என்றார்.

எங்கள் கோடை முகாம்களுக்கு வந்த உங்களில் பலருக்கு லூர்துமேரி என்றால் தெரியாது. மேரி அக்கா என்றால் தெரியும். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்குக் கை கால் ஒட்டும் வேலையில் வருடக்கணக்காக இருந்தவர். பீங்கான் தூசியால் இருமல் விடாமல் பிடித்துக்கொண்ட பிறகு அதை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே அறக்கட்டளை ஒன்று நடத்தும் எங்கள் சிறிய விலங்குக் காட்சிசாலையில் கூண்டு கழுவச் சேர்ந்தார். நான் விலங்கியல் முதுகலை படித்துவிட்டு முகாம் நடத்த வந்தவன். இருவருக்கும் ஒரே வயதுதான். ஆனாலும் கடைசி வரை என்னை 'சார்' என்றே கூப்பிட்டார்.

முதல் முகாமில் எங்கள் வட்டாரத்து மங்களூர், ஸ்ரீமுஷ்ணம், நல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் முப்பது பேர் வந்திருந்தார்கள். நான் ஆந்தைப் படம் ஒன்றை மாட்டிப் பேச ஆரம்பித்தேன். சுமதி என்ற பெண் எழுந்து, "சார், அது சாக்குருவி. வூட்டு மேல கத்துனா சாவு வுழும்" என்றாள். "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். யாரும் நம்பவில்லை என்பது முகங்களிலேயே தெரிந்தது. வாசலில் வாளி கழுவிக்கொண்டிருந்த மேரி கேட்டார்: "அது என்னா சார் துன்னும்?"

"எலி."

"ஒரு நாளைக்கி எத்தினி?"

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

"பின்னால பழைய சூளைக் கொட்டாயில ஒரு ஜோடி இருக்குது சார். கீழ கறுப்பா உருண்ட உருண்டையா கெடக்குது. எச்சம்னு கூட்டித் தள்ளிக்கிட்டு இருந்தேன். நேத்து ஒண்ணு ஒடஞ்சிது, உள்ள பல்லு இருந்துச்சு."

ஆந்தைக்கு எலும்பும் மயிரும் செரிக்காது, உருண்டையாகக் கக்கிவிடும் என்று நான் கல்லூரியில் படித்திருந்தேன். ஒன்றையும் தொட்டுப் பார்த்ததில்லை. மறுநாள் காலை மேரி, தான் முன்பு வேலை செய்த இடத்துப் பீங்கான் சூளையில் கோணிப்போய்க் கழித்த வெள்ளைக் கிண்ணங்களை ஒரு கூடை கொண்டுவந்தார். கிண்ணத்துக்கு ஓர் உருண்டை, தண்ணீர், ஒரு துடைப்பக்குச்சி. மயிர் கரைந்து விலக, வெள்ளைப் பீங்கானில் கட்டைவிரல் நகம் அளவுக்கு மண்டையோடுகள் தெரிந்தன. முன்பல் மஞ்சளாக இருந்தது. ஏன் மஞ்சள் என்று ஒரு பையன் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் மேரி, "மொதல்ல நல்லா பாருங்க. பேரு, காரணம் எல்லாம் அப்புறம் வெச்சிக்கலாம்" என்றார். சுமதியின் உருண்டையில் மூன்று மண்டைகள் இருந்தன. "அக்கா, இதெல்லாம் எங்க நெல்லத் துன்ன எலிக்கா!" என்று கத்தினாள். அன்றோடு என் பாட அட்டவணை முடிந்துபோனது.

மூன்று மாதம் கழித்து, நல்லூர்ப் பக்கத்துத் தொலைபேசிக் கடை ஒன்றிலிருந்து சுமதி பேசினாள். அவள் சித்தப்பா ஏழுமலையின் மாட்டுக்கொட்டகைப் பரணில் சாக்குருவி குஞ்சு பொரித்திருந்தது. சித்திக்கு ஒன்பதாம் மாதம். மறுநாள் கூட்டை அடித்துவிடப் போகிறார்களாம். அடுத்த பஸ்ஸிலேயே நாங்கள் இருவரும் போனோம்.

ஏழுமலை கழியோடு நின்றிருந்தார். நான் விளக்க ஆரம்பித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேரி விளக்கவில்லை. கேட்டார்.

"எப்பலேர்ந்துங்க இருக்குது?"

"ரெண்டு மாசமா."

"கத்துதா?"

"தெனமும் ராத்திரில கத்துது."

"இந்த ரெண்டு மாசத்துல வூட்டுல யாருக்காவது ஒண்ணு ஆச்சிங்களா?"

அவர் யோசித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "ஒண்ணும் ஆவல. எனக்குத்தான் பயமா இருக்குது" என்றார்.

மேரி பரணுக்குக் கீழே கிடந்த உருண்டைகளைப் பொறுக்கி, அந்த வீட்டுச் சட்டியிலேயே ஊறவைத்தார். சிறிது நேரத்தில் அந்தப் பெண்ணும் மெல்ல வந்து, வயிற்றைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குச்சியை எடுத்தார். பத்தொன்பது மண்டை எண்ணினார்கள். ஏழுமலை கழியைக் கீழே வைக்காமலே கேட்டார்:

"எலி துன்றது சரிதாம்மா. நாளைக்கி இவளுக்கு ஒண்ணு ஆச்சின்னா?"

"பிரசவத்துக்கு நான் வரேங்க. ஆஸ்பத்திரியில கூடவே இருக்கேன். அது வரைக்கும் அடிக்காதீங்க."

திரும்பும் பஸ்ஸில் மேரி, "எனக்கும் பயம்தான் சார். எங்கம்மா செத்த அன்னைக்கி அது கத்துச்சு" என்றார். பிறகு ஏன் இப்படி வாக்குக் கொடுத்தீர்கள் என்றேன். "அது கத்துனதால செத்தாங்களா, அவங்க செத்துக்கிட்டு இருந்தப்ப அதுவும் கத்துச்சான்னு எனக்குத் தெரியல. தெரியாம எப்புடி சார் அடிக்கிறது?"

சொன்னபடி போனார். வலி எடுத்து ஒரு நாள் முழுவதும் குழந்தை பிறக்கவில்லை. அரசு மருத்துவமனை வராந்தாவில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்த மேரி, நான் போனபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் மதியம் பெண் குழந்தை பிறந்தது, தாயும் நலம் என்றார்கள். மேரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். நான் வெற்றிபெற்றவன்போல ஏதோ சொன்னேன். அவர் தலையசைத்தார். "இல்ல சார். நல்லா பொறந்ததால மட்டும் எதுவும் தெரிஞ்சிடல. ஒரு புள்ளய வெச்சி எப்புடி சொல்றது?"

என் பேராசிரியர்கள் எவரும் எனக்கு அதை அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

நான்கு குஞ்சுகளில் ஒன்று விழுந்து இறந்தது, மூன்று பறந்தன. ஏழுமலை நன்றி எதுவும் சொல்லவில்லை. மறுவருடம் அவராகவே தொலைபேசியில் பேசினார்: "திரும்ப வந்திருக்குது. மொகாம் புள்ளைங்களக் கூட்டியாந்து காட்டுங்க." அந்த வருடம் முகாமின் ஒரு நாள் அவர் கொட்டகையில்தான் நடந்தது. வந்தவர்களுக்கு நினைவிருக்கும், எல்லோருக்கும் மோர் கொடுத்தார்கள்.

இருமல் முற்றி மேரி படுத்தபோது பார்க்கப் போனேன். மருத்துவரிடம் தன் நுரையீரல் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார். "இதுல எலும்பு எது, தூசி எதுன்னு காட்டுங்கன்னேன் சார். அந்த டாக்டரு பாவம், உக்காந்து காட்டுனாரு." பிறகு அவரே பேச்சை மாற்றினார்.

"சார், மயிலு மழை வருதுன்னு ஆடுதா? இல்ல, சும்மா ஆடுனத எல்லாம் மறந்துட்டு, மழை வந்தப்ப ஆடுனத மட்டும் நாம ஞாபகம் வெச்சிருக்கமா?"

தெரியவில்லை என்றேன். இந்த முறை கூச்சமில்லை. அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான். அன்று மாலையிலிருந்து நம் காட்சிசாலை மயில்கள் ஆடும் நாட்களையும், மழை பெய்த நாட்களையும் தனித்தனியே குறித்து வருகிறேன். அடக்கம் முடிந்து திரும்பிய அன்றும் ஒன்று ஆடியது. வானத்தில் மேகமே இல்லை. ஒரு நாளை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. குறித்துவைத்திருக்கிறேன்.